1.6 மீற்றர் மண்டையோடு, 40 அடி முதலை: இந்தக் கணக்கு சரியா?

வாவிக்கரையான் | வெள்ளி இரவு 9.10

மூன்று நாளாக வீட்டில் ஒரே முதலைக் கதை. மகன் 7ஆம் ஆண்டு படிக்கிறான். சார்க்கோசூக்கஸ் என்ற பழங்காலத்து முதலையைப் பற்றி எங்கோ ஒரு காணொளி பார்த்துவிட்டான். "அப்பா, 40 அடி! உங்கட போட்டைப் போல ரெண்டு மடங்கு!" என்று சாப்பாட்டு நேரமும் அதே பேச்சு.

எனக்குள்ள சந்தேகத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. படங்களில் எல்லாம் காட்டுவது மண்டையோட்டைத்தான். அதன் நீளம் 1.6 மீற்றர் என்கிறார்கள். ஐந்தேகால் அடி. பெரிய தலைதான், மறுக்கவில்லை. ஆனால் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை முழுதாக ஒன்று யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. தெருவில் கிடந்த செருப்பை எடுத்து, போட்டவனின் உயரத்தையும் நிறையையும் சொல்வது மாதிரி இருக்கிறது. 40 அடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மகனிடம் "அது பொய்" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் தொங்கிப் போனது. சொன்னது சரியா பிழையா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அக்கரைப்பற்றுச் சந்தேகன் | வெள்ளி இரவு 9.24

முதலை 40 அடி, பார்வை 40 இலட்சம். அடி கூடினால் பார்வையும் கூடும். கணக்கு அங்கேயிருந்துதான் வந்தது.

சம்மாந்துறைக் காக்கா | வெள்ளி இரவு 10.02

வாவிக்கரையான் தம்பி, பொய் என்று சொன்னது கொஞ்சம் அவசரம். முழு உண்மை என்று சொல்லியிருந்தாலும் அவசரம்தான். நான் விஞ்ஞானி இல்லை, இந்தப் பழைய மிருகங்களின் பைத்தியம். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கதை சகாராவில் தொடங்குகிறது. அங்கே பெரிய முதலைப் பற்களும் முள்ளந்தண்டு எலும்புகளும் முன்பே துண்டு துண்டாகக் கிடைத்து வந்தன. 1964இல் நைஜர் நாட்டில், தெனேரே பாலைவனத்தின் கடூஃபாவா என்ற இடத்தில், பிரெஞ்சு அணுசக்தி ஆணையத்தின் ஆட்கள் ஏறக்குறைய முழுதான ஒரு மண்டையோட்டைக் கண்டார்கள். அவர்கள் தேடிப் போனது யுரேனியம், கிடைத்தது முதலை. அந்த ஊர்ப் பெயருக்கு துவாரெக் மொழியில் 'ஒட்டகமும் போகப் பயப்படும் இடம்' என்று பொருளாம். மண்டையோடு பாரிசுக்குப் போனது. 1966இல் பிரான்ஸ் டு புரோவன் என்ற பெண் ஆய்வாளரும் பிலிப் டாக்கேயும் சேர்ந்து அதற்கு சார்க்கோசூக்கஸ் இம்பெரேட்டர் என்று பெயர் வைத்தார்கள். முன்பாதி கிரேக்கம், தசை தின்னும் முதலை என்ற மாதிரி வரும். பின்பாதி இலத்தீன், பேரரசன்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பிரேசிலில் கிடைத்த பற்களை வைத்து 1869இலேயே மார்ஷ் என்ற அமெரிக்கர் ஒரு முதலைக்குப் பெயர் வைத்திருந்தார். நூறு வருசம் கழித்து, 1977இல், பஃபெட்டோவும் டாக்கேயும் அதை எடுத்துப் பார்த்து, இது நம்முடைய நைஜர் முதலையின் சாதிதான், இனம் மட்டும் வேறு என்றார்கள். அத்திலாந்திக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தக் காலத்தில் நடுவில் கடல் சரியாகத் திறக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு கண்டங்களும் ஒட்டிக் கிடந்ததற்கு இப்படியும் ஒரு சாட்சி.

40 அடிக்கு வருகிறேன். அமெரிக்காவின் போல் செரீனோ 1997இலும் 2000இலும் அதே பாலைவனத்துக்குப் போனார். அவருடைய குழு மண்டையோடுகளோடு முள்ளந்தண்டு, கால் எலும்பு, முதுகுத் தட்டு என்று உடம்பில் பாதியளவு சேர்த்தது. ஆகவே "தலை மட்டும்தான்" என்பது இப்போது சரியில்லை. ஆனாலும் வால் நுனி வரை வரிசையாக ஒன்றில்லை என்பதும் உண்மை. எனவே உயிரோடு இருக்கும் முதலைகளில் தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, 2001இல் 11.65 மீற்றர் என்று கணக்கிட்டார்கள். 38 அடி. நிறை 8 தொன் என்றார்கள். காணொளிக்காரர் 38ஐ 40 ஆக்கினார். வாவிக்கரையான் தம்பி அதைப் பொய்யாக்கினார்.

தோணிக்காரன் | வெள்ளி இரவு 10.31

விஞ்ஞானி செய்த வேலையை என் அப்பா வாவியில் தினமும் செய்தார் என்று இப்போதுதான் விளங்குகிறது.

இரவில் இறாலுக்குப் போகும்போது முதலையின் உடம்பை யார் பார்த்தது? டோர்ச் அடித்தால் இரண்டு நெருப்புக் கங்கு. கிட்டப் போனால் மூக்கு நுனியும் கண்ணும். மற்றது எல்லாம் தண்ணிக்குக் கீழே. அப்பா மூக்குக்கும் தலையின் பின்பக்கத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கண்ணாலேயே பிடிப்பார். "ஒரு சாண் தலைக்கு ஏழு சாண் உடம்பு" என்பது அவருடைய கணக்கு. தலை இரண்டு சாண் என்றால் தோணியைத் திருப்பிவிடுவார். மறுகா அன்றைக்குப் பாடும் மீனும் வேண்டாம், பொரிக்கிற மீனும் வேண்டாம், வீட்டுக்கு வா என்பார்.

நான் கேட்க வந்தது இதுதான். அந்த ஏழு என்பது எல்லா முதலைக்கும் சரி வருமா? குளத்து முதலையின் மூஞ்சி குட்டை, அகலம். எங்கள் வாவியில் இருக்கிற செம்மூக்கனின், அதுதான் உவர்நீர் முதலையின், மூஞ்சி அதைவிட நீளம். இந்தச் சார்க்கோ என்னவோ, அதன் படத்தைப் பார்த்தால் மூஞ்சிதான் முக்கால்வாசி. மூஞ்சி நீண்டால் கணக்குப் பிழைக்காதா?

உயிரியல் ரீச்சர் | வெள்ளி இரவு 11.15

தோணிக்காரன் அண்ணன், நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும் கேட்டார்கள். நித்திரை வருகிறது, ஆனாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சார்க்கோசூக்கஸ் முதலை இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சண்டைக்கே வருவார்கள், அதனால் நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். குடி ஒன்று, வயிற்றுவார், அதாவது குடிக்குள் பிரியும் தாய்வழிக் கிளை, வேறு. இன்றைய முதலை, அலிகேட்டர், கங்கை கரியால் எல்லாம் ஒரு தாய்வழி. சார்க்கோசூக்கஸ் அந்தத் தாய் பிறப்பதற்கு முன்பே பிரிந்து போன போலிடோசோர் என்ற இன்னொரு கிளை. அது வாழ்ந்தது ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில். அந்தக் கிளையில் இன்றைக்கு ஒரு உயிரும் மிச்சமில்லை. நம் முதலை அதன் பேரன் அல்ல, தூரத்துச் சொந்தம்.

ஆகவே நம் முதலையின் விகிதத்தை அதன் உடம்பில் போடுவதே முதல் சிக்கல். மூஞ்சி இரண்டாவது சிக்கல். வளர்ந்த சார்க்கோசூக்கஸின் மண்டையோட்டில் முக்கால் பங்கு மூஞ்சிதான், அண்ணன் கண்ணால் பிடித்தது சரி. மூஞ்சியின் நீளம் என்ன சாப்பிடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். மீன் பிடிப்பவற்றுக்கு நீளும், உடம்பு அதோடு சேர்ந்து நீள வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. தலையின் அகலம் அப்படி ஏமாற்றுவது குறைவு. மூஞ்சி நீண்டாலும் குட்டையானாலும், தாடை கொளுவும் இடத்துத் தலையின் பருமன் உடம்பின் பருமனோடு ஒட்டியே போகிறது. 2019இல் ஹேலி ஓபிரையனும் குழுவினரும் இன்றைய முதலைகளின் தலை அகலத்தை எடுத்து, அதை வைத்துப் பழையவற்றின் அளவைத் திரும்பக் கணக்கிட்டார்கள். சார்க்கோசூக்கஸ் 9 முதல் 9.5 மீற்றருக்கு இறங்கியது. 31 அடி. நிறை 8 தொன்னிலிருந்து ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

வாவிக்கரையான், மகனிடம் "பொய் இல்லை, பழைய கணக்கு" என்று சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றுச் சந்தேகன் | சனி காலை 6.48

2001இல் 38 அடி. 2019இல் 31 அடி. இப்படியே போனால் 2040இல் உடும்பு.

திருக்கோவில் சேர்வேயர் | சனி காலை 8.20

வணக்கம். நான் ஓய்வு பெற்ற நில அளவையாளன். முதலை தெரியாது, அளவு தெரியும். சந்தேகன் தம்பி பகிடியாகச் சொன்னாலும் அதில் ஒரு விசயம் இருக்கிறது. தேடிப் பார்த்ததில், பழங்கால இராட்சத முதலைகள் எல்லாமே ஒரே திசையில்தான் திருத்தப்பட்டிருக்கின்றன. கீழ்நோக்கி. ஒன்றாவது மேலே போனதாகக் கண்ணில் படவில்லை. அளவையில் பிழை இரண்டு பக்கமும் விழ வேண்டும். ஒரே பக்கம் விழுந்தால் கருவியில் கோளாறு, அல்லது அளப்பவனின் மனதில் கோளாறு.

வட அமெரிக்காவின் டைனோசூக்கஸை எடுங்கள். டைனோசர் எலும்பிலேயே பல் அடையாளம் விட்டுப் போன மிருகம் அது. 1940இல் ரெக்சாசில் அதன் தாடைத் துண்டுகள் சில கிடைத்தன. நியூயோர்க் அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டுகளை வைத்து, மிச்சத்தைச் சாந்தால் நிரப்பி ஒரு மண்டையோடு கட்டினார்கள். மாதிரிக்கு எடுத்தது இன்று கியூபாவில் இருக்கும் முதலையை. கட்டி முடித்தபோது தலை 2 மீற்றர் வந்தது. 1954இல் கோல்பெர்ட்டும் பேர்டும் உடம்பு 15 மீற்றர் என்று எழுதினார்கள். 49 அடி! சாந்தின் நீளத்தை அளந்து உடம்பின் நீளம் சொன்ன கதை. இப்போது பெரும்பாலானவை 8 முதல் 10 மீற்றர், மிகப் பெரியது 12 மீற்றர் வரை போயிருக்கலாம் என்கிறார்கள்.

நமக்குக் கொஞ்சம் கிட்ட வந்தால் இமயமலை அடிவாரச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த ராம்போசூக்கஸ். அதை 15 மீற்றர், 18 மீற்றர் என்று சொல்லி வந்தார்கள். உலகிலேயே பெரிய முதலை அதுதான் என்று எழுதியவர்களும் உண்டு. 2001இல் ஜேசன் ஹெட் என்பவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்து 8 முதல் 11 மீற்றர் என்றார்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காணிக்காரர் சொல்லும் பரப்பை முதலில் கேட்டு வைத்துக்கொள்வேன். அப்புறம் சங்கிலி பிடிப்பேன். நாற்பது வருசத்தில், சொன்னதைவிடக் கூடுதலாக நிலம் வந்தது ஒரே ஒருவருக்கு. அவரும் சந்தோசப்படவில்லை, பக்கத்துக் காணிக்காரர் வழக்குப் போட்டுவிட்டார்.

படுவான்கரைப் பொடியன் | சனி காலை 9.05

சேர், இதை வாசித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் குடும்பத்திலும் ஒரு 18 அடி முதலை இருக்கிறது.

அம்மப்பா 78 சூறாவளிக்கு முன்னர் எங்கள் ஊர்த் துறையில் மாடு பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய செம்மூக்கனை ஆட்களோடு சேர்ந்து அடித்தாராம். அதன் தலை இன்னும் அம்மம்மா வீட்டு மாட்டுக்கொட்டில் வளையில் கட்டித் தொங்குகிறது. சூறாவளியில் கூரை போனது, மாடு போனது, தலை மட்டும் போகவில்லை. சின்ன வயதில் நாங்கள் அதன் வாய்க்குள் கையை விட்டு எடுப்பதுதான் வீரம். ஊரில் யாரைக் கேட்டாலும் "18 அடி முதலை" என்றுதான் சொல்வார்கள். அம்மப்பாவை 'முதலை அடித்த' என்ற அடைமொழி இல்லாமல் யாரும் சொன்னதில்லை. செத்த வீட்டு நோட்டிசிலும் அதுதான் இருந்தது.

அந்தத் தலையை யாராவது அளந்தார்களா என்றால், இல்லை. நாளைக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறேன். அளக்கட்டா?

தோணிக்காரன் | சனி காலை 9.11

வேண்டாம் தம்பி. சில விசயத்தை அளக்கக் கூடாது.

உயிரியல் ரீச்சர் | சனி காலை 9.40

அளவுங்கள் தம்பி. ஆனால் எங்கிருந்து எங்கே என்று தெரிந்துகொண்டு அளவுங்கள். மூக்கு நுனியிலிருந்து மண்டையோட்டின் மேல்தட்டுப் பின்விளிம்பின் நடு வரை, நேர்கோட்டில். நாடாவை வளைவில் ஓட விடாதீர்கள். தாடையைத் தொடவே வேண்டாம். தாடை கொளுவும் மூட்டு மண்டையோட்டுக்குப் பின்னால் தள்ளி இருக்கும், அதனால் கீழ்த்தாடை எப்போதும் நீளமாகக் காட்டும்.

இன்னொன்று. இலங்கையில் இருக்கும் இரண்டு முதலையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அந்தத் தலையைப் படம் பிடித்துப் போட்டு விலை கேட்டு யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

வாவிக்கரையான் | சனி பகல் 12.30

எல்லோருக்கும் நன்றி. மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 31 அடிக்கு இறங்கியதில் கொஞ்சம் மனவருத்தம், ஆனால் "இன்னும் எங்கட போட்டை விடப் பெரிசுதானே" என்று தேறிவிட்டான். இப்போது புதுக் கேள்வி. எங்கள் பக்கம் மண்ணைக் கிண்டினால் அப்படி ஒன்று கிடைக்குமா? பின் வளவில் ஏற்கெனவே ஒரு குழி விழுந்துவிட்டது. தென்னம்பிள்ளை வைக்கலாம் என்று மனைவி பார்க்கிறா.

சம்மாந்துறைக் காக்கா | சனி பகல் 1.15

தென்னம்பிள்ளையை வையுங்கள் தம்பி.

காரணம் மண்ணில் இல்லை, மண்ணுக்குக் கீழே இருக்கிற கல்லில் இருக்கிறது. குடும்பிமலையாகட்டும், உன்னிச்சைப் பக்கத்துப் பாறைகளாகட்டும், அம்பாறைப் பக்கத்து மலைகளாகட்டும், எல்லாம் விஜயன் தொகுதி என்று புவியியலாளர் சொல்லும் பழைய உருமாறிய பாறை. பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியது. அது வெந்தபோது எலும்புள்ள எந்த மிருகமும் தரையில் நடக்கவே தொடங்கவில்லை. உயிர்ச்சுவடு வேண்டுமென்றால் சேறும் மணலும் படிந்து, மெல்ல இறுகிய படிவுப்பாறை வேண்டும். இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வெந்த பாறைதான்.

டைனோசர் காலத்துப் படிவு என்று பார்த்தால் புத்தளம் பக்கம் தப்போவையிலும் ஆண்டிகமவிலும் சின்னதாக உண்டு. யுரேசிக் காலத்தது. அங்கே கிடைத்தவை இலைச் சுவடுகள். அப்புறம் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசீன், அதாவது மிகவும் பிந்தியது, கடலடியில் படிந்தது. மிருக எலும்பு என்றால் இரத்தினபுரிதான். மாணிக்கம் தோண்டும் குழிகளின் சரளைப் படையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் என்று எலும்பும் பல்லும் வந்திருக்கின்றன. பி. ஈ. பி. தெரணியகலை அவற்றை ஆராய்ந்து பெயர் வைத்தார். இந்தத் தீவில் நீர்யானை இருந்தது என்பதை நம்புவதற்கு எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

சார்க்கோசூக்கஸ் நைஜர் ஆறுகளில் கிடந்த காலத்தில் இலங்கை இந்தியாவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டிக்கொண்டு கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்த ஒரு துண்டில் இருந்தது. நம் பாறைகள் அப்போதும் பழசுதான்.

என் அனுபவம் ஒன்று. பள்ளிக்கூடக் காலத்தில் கல்குடாக் கரையில் துளை துளையாக, எலும்பின் உள்பக்கம் மாதிரி ஒரு கல் கிடைத்தது. டைனோசர் எலும்பு என்று ஒரு வாரம் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். வகுப்பில் ஒரு சேர் பார்த்துவிட்டு "ஓம், டைனோசர்தான்" என்றார். ஊர் முழுக்கச் சொன்னேன். அப்புறம் சுண்ணாம்புச் சூளைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதைத்தான் மனே நாங்க வண்டில் வண்டிலா சுட்டது" என்றார். முருகைக்கல்! அந்தச் சேரில் எனக்கு இன்னும் கோபம்.

அக்கரைப்பற்றுச் சந்தேகன் | சனி மாலை 4.02

சரி, ஒரு உண்மையான கேள்வி, பகிடி இல்லை. 31 அடியே இருக்கட்டும். அது டைனோசரைப் பிடித்து, நம் முதலை மாதிரி உடம்பை உருட்டிக் கிழித்துத் தின்றதா? காணொளியில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

உயிரியல் ரீச்சர் | சனி மாலை 5.20

உருட்டியிருக்காது என்பதுதான் 2014இல் வந்த ஒரு ஆய்வின் முடிவு. பிளாங்கோவும் அவருடைய ஆட்களும் மண்டையோட்டின் வலிமையைக் கணக்கிட்டார்கள். உடம்பை உருட்டும்போது தலையில் விழும் முறுக்கு, உடம்பின் நிறையோடு ஏறும். டைனோசூக்கஸின் மண்டையோடும், அமேசன் பக்கத்துப் புருசோரஸின் மண்டையோடும் அதைத் தாங்கும். சார்க்கோசூக்கஸின் நீண்ட மூஞ்சி தாங்காது. அதற்காக அது வெறும் மீன் தின்னி என்றும் சொல்ல முடியாது. கரியாலின் மூஞ்சி ஊசி மாதிரி, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கோத்துக்கொள்ளும். இதன் மூஞ்சி அதைவிட அகலம், பல் தடிப்பு, மேல்தாடை கீழ்த்தாடையைத் தாண்டி முன்னால் தொங்கும். பெரிய மீனும் தின்றிருக்கும், தண்ணீர் குடிக்க வந்ததையும் விட்டிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் முதுகுத் தட்டுகள். ஒரு தட்டை மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மரத்து வளையம் மாதிரி வருச வளையம் தெரியும். இன்னும் முழு வளர்ச்சி அடையாத ஒன்றிலேயே ஏறக்குறைய 40 வளையம் எண்ணினார்கள். முழு உருவத்துக்கு வர 50, 60 வருசம் எடுத்திருக்கும் என்றார்கள். அந்தக் காலத்துப் பெரிய டைனோசர்கள் வேகமாக வளர்ந்து பெருத்தவை. இது அப்படியில்லை, நிறுத்தாமல் வளர்ந்துகொண்டே இருந்தது. ஓய்வூதியம் எடுக்கும் வயதில்தான் பேரரசன் ஆகியிருக்கிறது.

வளர்ந்தவற்றின் மூக்கு நுனியில் குண்டாக ஒரு வீக்கமும் உண்டு. கரியாலில் ஆணுக்கு மட்டும் ஒரு பானை இருக்கும், அது தசை. இதற்கு எலும்பிலேயே, கிடைத்த பெரிய மண்டையோடு எல்லாவற்றிலும் இருக்கிறது. சத்தம் போடவா, மணம் பிடிக்கவா என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப் போகவில்லை.

அக்கரைப்பற்றுச் சந்தேகன் | சனி மாலை 5.31

நன்றி ரீச்சர். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

உயிரியல் ரீச்சர் | சனி மாலை 5.33

இருந்திருக்க மாட்டீர்கள்.

படுவான்கரைப் பொடியன் | ஞாயிறு பகல் 11.50

அளந்துவிட்டேன். அம்மம்மா கதிரையைப் போட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டா, ஏதோ பிரேத பரிசோதனை நடப்பது மாதிரி.

முதலில் கீழ்த்தாடையோடு சேர்த்து அளந்தேன், 61 செ.மீ. அப்புறம் ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்து, மேல்தட்டு வரை நேராக அளந்தேன். 49 செ.மீ. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் 49.

சேர், நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருக்கக் கை வரவில்லை.

திருக்கோவில் சேர்வேயர் | ஞாயிறு பகல் 12.25

தம்பி, தோணிக்காரருடைய அப்பாவின் ஏழை எடுத்துக்கொள்வோம். அது வெறும் வாய்க்கணக்கு இல்லை, செம்மூக்கனுக்குப் பொதுவாக ஒத்து வருகிற விகிதம்தான். 49ஐ ஏழால் பெருக்க 343 செ.மீ. அதாவது 11 அடி 3 அங்குலம்.

ஆனால் ஒரு விகிதத்தை மட்டும் நம்பக் கூடாது. 2011இல் பிலிப்பைன்சில் பிடித்த லோலோங் என்ற செம்மூக்கன்தான் உயிரோடு ஒழுங்காக அளந்தவற்றில் மிகப் பெரியது. 6.17 மீற்றர். அதன் தலை 70 செ.மீ. அளவில்தான். விகிதம் 8.8 வருகிறது. அந்த விகிதத்தைப் போட்டால் உங்கள் முதலை 14 அடி 2 அங்குலம். எனவே 11க்கும் 14க்கும் இடையில். கீழ்ப்பக்கம்தான் எனக்கு நம்பிக்கை.

இப்போது பிழையை எப்படிச் செய்யலாம் என்று பாருங்கள். தாடையை அளந்து 61 என்று எடுத்து, அதற்கு லோலோங்கின் 8.8ஐப் போட்டால் 537 செ.மீ. வருகிறது. 17 அடி 7 அங்குலம். 18 அடி என்றே சொல்லலாம்! யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு இடத்தில் கொஞ்சம் தாராளம், இன்னோர் இடத்தில் கொஞ்சம் தாராளம். நியூயோர்க்கில் சாந்து பூசியவர்களும் இதைத்தான் செய்தார்கள். சார்க்கோசூக்கஸின் 1.6 மீற்றருக்கும் 8.8ஐப் போட்டுப் பாருங்கள், 14 மீற்றர் வந்து நிற்கும். காணொளிக்காரர்களின் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

உங்கள் அம்மப்பாவைக் குறைத்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம். பதினொன்றேகால் அடி முதலைக்குக் கிட்ட நான் தடியோடு போக மாட்டேன்.

தோணிக்காரன் | ஞாயிறு பகல் 12.40

49 செ.மீ. என்றால் இரண்டு சாணுக்கு மேல். அப்பா தோணியைத் திருப்பியிருப்பார்.

வாவிக்கரையான் | ஞாயிறு பிற்பகல் 2.15

மகன் இப்போது வீட்டில் எல்லோருடைய தலையையும் அளக்கிறான். மனிதனுக்கு ஏழரை வருகிறதாம். கிட்டத்தட்ட முதலை.

படுவான்கரைப் பொடியன் | ஞாயிறு மாலை 6.05

அம்மம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். பதினொன்றேகால் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னா: "ஐம்பது வருசமாப் புகையில தொங்குது. காய்ஞ்சா எல்லாம் சுருங்கும் மனே. நான் சுருங்கல்லையா?"

ரீச்சர், மண்டையோடு சுருங்குமா? இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

உயிரியல் ரீச்சர் | ஞாயிறு இரவு 7.30

அம்மம்மா சொன்னது சரி. காயும்போது முதலை மண்டையோடு சில சதவீதம் சுருங்கும். பழைய மண்டையோடுகளை அளப்பவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதும் உண்டு. 4 சதவீதம் என்று வையுங்கள், உங்கள் 49 பச்சையில் 51 ஆக இருந்திருக்கும். ஏழால் பெருக்கினால் 357. 11 அடி 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து அங்குலம் அம்மம்மா வென்று எடுத்துவிட்டா.

படுவான்கரைப் பொடியன் | ஞாயிறு இரவு 8.10

சொன்னேன் ரீச்சர். ஐந்து அங்குலத்தை வாங்கிக்கொண்டா. மிச்சம் ஆறடி எங்கே என்று கேட்கிறா.